புரோகிராமை ஓட்டும் புரோகிராம்



இந்தத் தாளுக்கு இடது பக்கம், இதே சுவரில், பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் அரையாண்டுத் தேர்வு ரேங்க் லிஸ்ட் ஒட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒட்டி, திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னாடியே கிழித்தார்களே, அதேதான். அதில் தலைப்பு மட்டும்தான் அரையாண்டு. உள்ளே இருந்த மார்க் முழுக்கக் காலாண்டு மார்க். அந்த லிஸ்ட்டை எடுத்துக் கொடுத்த புரோகிராமை எழுதியது நான்தான்.

யாரோ டைப் பண்ணும்போது தப்பு பண்ணிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. டைப் பண்ணியவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. சி மொழியில் ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமைக் கூப்பிட்டது, கூப்பிட்டது வரவில்லை, வரவில்லை என்பதைக் கூப்பிட்ட புரோகிராம் கவனிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த 'அவ்வளவுதான்'-க்குள் நிறைய இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். (நம் பத்திரிகையில் ஆங்கில எழுத்து வரக்கூடாது என்பது தமிழய்யா விதி. அதனால் கட்டளைகளை எல்லாம் ஒலியாகவே தமிழில் எழுதுகிறேன். லேபில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

நடந்தது இதுதான். நமக்கு முன்னால் படித்த ஒரு அண்ணன் 'ரேங்க்' என்று ஒரு சி புரோகிராம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மார்க் கோப்பைப் படிக்கும், கூட்டும், வரிசைப்படுத்தும், 'லிஸ்ட்' என்ற கோப்பில் எழுதி வைக்கும். அருமையாக வேலை செய்யும். ஆனால் கணினியை ஒரு தடவை ஃபார்மட் பண்ணியபோது அவர் எழுதிய மூல நிரல் போய்விட்டது. கம்பைல் பண்ணிய கோப்பு மட்டும் ஒரு பென் டிரைவில் மிஞ்சியது.

கம்பைல் பண்ணிய கோப்பு என்றால் என்ன? நாம் எழுதும் சி வரிகளைக் கம்பைலர் எடுத்து, பிராசஸருக்கு நேராகப் புரிகிற கட்டளைகளாக மாற்றி ஒரு கோப்பாகத் தருகிறது. அதற்குப் பிறகு அது ஓடுவதற்கு மூல நிரலும் தேவையில்லை, கம்பைலரும் தேவையில்லை. இட்லி வெந்த பிறகு அரிசி மூட்டை பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை அல்லவா? ஆனால் இட்லியிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அந்த அண்ணன் எழுதிய வரிகளை என்னால் திருத்த முடியாது, என் புரோகிராமுக்குள் நகலெடுத்து ஒட்டவும் முடியாது. இருப்பதை இருந்தபடியே ஓட்டத்தான் முடியும்.

அதனால் நான் ஒரு மெனு புரோகிராம் எழுதினேன். எந்த வகுப்பு, எந்தப் பிரிவு, எந்தத் தேர்வு என்று கேட்கும். பிறகு சி மொழியின் 'சிஸ்டம்' என்ற ஃபங்ஷன் மூலம் ரேங்க்கைக் கூப்பிடும். அது முடிந்ததும் திரையைத் துடைத்து, தலைப்பை அச்சிட்டு, லிஸ்ட் கோப்பில் இருப்பதை அப்படியே கீழே கொட்டும். அக்காவின் மடிக்கணினியில் பத்துத் தடவையாவது ஓட்டிப் பார்த்தேன். எல்லாத் தடவையும் சரியாக வந்தது.

சிஸ்டம் என்பது 1989-ல் வந்த சி மொழித் தரத்திலேயே இருக்கிற ஃபங்ஷன். பயன்படுத்துவது ரொம்ப எளிது. அடைப்புக்குறிக்குள் மேற்கோள் போட்டு, கருப்புத் திரையில் நாம் கையால் என்ன அடிப்போமோ அதை எழுத வேண்டியதுதான். நம் புரோகிராம் அந்த வரியைத் தானே ஓட்டுவதில்லை. லினக்ஸ் என்றால் ஷெல் என்கிற புரோகிராமிடமும், விண்டோஸ் என்றால் சிஎம்டி என்கிற புரோகிராமிடமும் கொடுத்துவிட்டு, அது முடிகிறவரை அப்படியே நிற்கும். நம்ம ஊரில் தறி போட்டிருக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். நூலைச் சாயத்துக்குக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தறியை நிறுத்தி வைத்திருப்பது மாதிரி. சாயம் ஏறி நூல் வந்தால்தான் மேற்கொண்டு நெசவு.

இது ஏதோ புத்தகத்துக்கு வெளியே உள்ள சமாச்சாரம் என்று பிளஸ் டூ படிக்கிறவர்கள் நினைக்க வேண்டாம். 2019-20 கல்வியாண்டில் வந்த நம் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் 14-வது பாடம் முழுக்க இதுதான். அங்கே சி++ நிரலைப் பைத்தானிலிருந்து ஓட்டிக் காட்டுகிறார்கள். 'ஓஎஸ் புள்ளி சிஸ்டம்' என்று இரண்டு தடவை வரும். முதல் தடவை ஜி++ கம்பைலரைக் கூப்பிட்டு, சிபிபி கோப்பை இஎக்ஸ்இ கோப்பாக மாற்றச் சொல்கிறது. இரண்டாவது தடவை அந்த இஎக்ஸ்இ கோப்பையே கூப்பிடுகிறது. பாலிண்ட்ரோம் கண்டுபிடிக்கிற அந்தப் புரோகிராமை ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அந்த இரண்டு வரியில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, லிஸ்ட் தப்பாகிற வரைக்கும்.

அந்த இரண்டு வரியைத் தோண்டினால் வேடிக்கையாக இருக்கும். நாம் பயன்படுத்தும் பைத்தானே சி மொழியில் எழுதிக் கம்பைல் பண்ணிய புரோகிராம்தான். அதன் ஓஎஸ் புள்ளி சிஸ்டம், உள்ளே சி மொழியின் சிஸ்டம் ஃபங்ஷனைத்தான் கூப்பிடுகிறது. அது ஷெல்லைக் கூப்பிடுகிறது. ஷெல் ஜி++ஐக் கூப்பிடுகிறது. சரி, ஜி++ஆவது தானே வேலை செய்கிறதா? இல்லை! அது ஒரு மேஸ்திரி மாதிரி. நிரலைப் புரிந்து மாற்றுவதற்கு ஒரு தனிப் புரோகிராம், அசெம்பிளர் என்று ஒரு தனிப் புரோகிராம், துண்டுகளைக் கோர்ப்பதற்கு லிங்கர் என்று ஒரு தனிப் புரோகிராம் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வேலை வாங்குகிறது. ஜி++ கட்டளையோடு ஒரு கழித்தல் குறியும் 'வி' எழுத்தும் சேர்த்து அடித்துப் பாருங்கள். யார் யாரைக் கூப்பிட்டது என்று திரை நிறையக் கொட்டும். ஒரு 'ஹலோ வேர்ல்ட்' எழுதி கம்பைல் பண்ணும்போதே, புரோகிராமுக்குள் புரோகிராமாக நாலைந்து ஓடி முடிந்துவிடுகிறது.

இப்போது சிஸ்டம் ஃபங்ஷனின் உள்ளே போவோம். லினக்ஸில் அது மூன்று காரியம் செய்கிறது: ஃபோர்க், எக்ஸெக், வெயிட்.

ஃபோர்க் என்றால் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குவது. ஒன்று இரண்டாகிவிடும். இரண்டும் அதே வரியிலிருந்து தொடர்ந்து ஓடும். ஒரே ஃபங்ஷனைக் கூப்பிட்டோம், அது இரண்டு தடவை திரும்பி வருகிறது. முதன்முதலில் மிஸ் இதைச் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. எது தாய், எது பிள்ளை என்று எப்படித் தெரியும்? திரும்பி வரும் எண்ணை வைத்துத்தான். தாய்க்குப் பிள்ளையின் எண் வரும். (ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் லினக்ஸ் ஒரு எண் கொடுக்கும்.) பிள்ளைக்கு 0 வரும். பிள்ளையே பிறக்கவில்லை என்றால் தாய்க்கு -1 வரும். மூன்று வரியில் அடுத்தடுத்து ஃபோர்க் போட்டால் மொத்தம் 8 ஆகிவிடும். பத்து வரி போட்டால் 1024. முடிவில்லாத லூப்பில் போட்டுப் பார்க்க வேண்டாம். நான் போட்டேன். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருந்தது.

எக்ஸெக் என்பது வேறு. அது புதிதாக எதையும் பெற்றெடுக்காது. ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் தன் நினைவிடத்தைக் காலி செய்து, வேறு ஒரு கம்பைல் பண்ணிய கோப்பை அங்கே ஏற்றிக்கொண்டு, அதுவாகவே மாறிவிடும். கூத்தில் ஒரே ஆள் ஒரு வேஷத்தைக் கலைத்துவிட்டு இன்னொரு வேஷம் கட்டி வருகிறார் இல்லையா, அதைப் போல. ஆள் ஒருவரே, அதாவது அந்த எண் மாறாது. ஆனால் பழைய வேஷத்தின் வசனம் இனி வராது. அதனால்தான் எக்ஸெக்குக்கு அடுத்த வரியில் நாம் என்ன எழுதினாலும் அது ஓடாது. ஓடியது என்றால் ஒரே அர்த்தம்தான்: எக்ஸெக் தோற்றுவிட்டது.

இரண்டையும் சேர்த்தால் விஷயம் முடிந்தது. முதலில் ஃபோர்க் செய்து ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை எக்ஸெக் செய்து வேறு புரோகிராமாக மாறிக்கொள்ளட்டும். தாய் பத்திரமாகத் தன் இடத்தில் இருக்கும். வெயிட் போட்டுப் பிள்ளை முடிகிறவரை காத்திருக்கும்.

வெயிட் போடாவிட்டால்? பிள்ளை முடிந்த பிறகும் அதன் பெயர் லினக்ஸின் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். ஆள் செத்தும் ரேஷன் கார்டில் பேர் நீக்காத மாதிரி. இதற்கு ஜோம்பி என்று பேர் வைத்திருக்கிறார்கள். தாய் வெயிட் போட்டால்தான் பேர் நீங்கும். தாயே முதலில் முடிந்துவிட்டால் அந்தப் பிள்ளைகளைப் பெரும்பாலும் 1-ஆம் எண் புரோகிராம் தத்து எடுத்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1969-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலானவர்கள் பிடிபி-7 என்ற கணினியில் யூனிக்ஸ் எழுதத் தொடங்கினார்கள். அப்போது சி மொழி பிறக்கவே இல்லை. ரிட்சி அதை உருவாக்கியது அதற்குப் பிறகுதான். ஆரம்பத்தில் யூனிக்ஸில் ஃபோர்க் கிடையாது. ஷெல்லின் மேலேயே கட்டளையை ஏற்றி ஓட்டுவார்கள், அது முடிந்ததும் ஷெல்லைத் திரும்பவும் முதலிலிருந்து ஏற்றுவார்கள். பிறகுதான் ஃபோர்க்கைச் சேர்த்தார்கள். அதற்கு ஆன செலவு வெறும் 27 வரி அசெம்பிளி என்று ரிட்சியே பின்னால் எழுதியிருக்கிறார்.

சேர்த்த உடனே ஒரு கோளாறு வந்தது. கோப்புறை மாற்றுகிற கட்டளை திடீரென்று வேலை செய்யவில்லை. அடிக்கிறார்கள், பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். நிரலைப் படித்துப் படித்துப் பார்த்தார்கள். கடைசியில்தான் பிடிபட்டது. ஷெல் ஒரு பிள்ளையை உண்டாக்குகிறது, அந்தப் பிள்ளை கோப்புறையை மாற்றிக்கொள்கிறது, மாற்றிய கையோடு செத்துப்போகிறது. தாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது! அதனால் அந்த ஒரு கட்டளையை மட்டும் பிள்ளையிடம் விடாமல் ஷெல்லே செய்யும்படி மாற்றினார்கள். யூனிக்ஸை எழுதியவர்களே இதில் முழித்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். சிஸ்டம் போட்டு 'சிடி' கட்டளையைக் கொடுங்கள். அடுத்த வரியில் ஒரு கோப்பை உண்டாக்குங்கள். அது பழைய கோப்புறையில்தான் போய் உட்காரும்.

விண்டோஸில் ஃபோர்க் இல்லை. அங்கே 'கிரியேட் பிராசஸ்' என்று ஒரே ஃபங்ஷன், புதுப் புரோகிராமை நேராகப் புது இடத்தில் ஏற்றிவிடும். டர்போ சி காலத்து அண்ணன்மார்களுக்கு 'ஸ்பான்' என்று ஒரு குடும்பம் இருந்தது. டாஸ் கொடுத்த 640 கேபி இடத்துக்குள் கூப்பிட்டதும் கூப்பிடப்பட்டதும் இரண்டும் அடங்க வேண்டும், இல்லையென்றால் இடம் போதவில்லை என்று நின்றுவிடும். அதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் மேலே போகிறேன்.

நம்ம லிஸ்ட்டுக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை மதியம், லேபில் லினக்ஸ் உள்ள கணினியில் என் மெனு புரோகிராமையும் அண்ணனின் ரேங்க்கையும் ஒரே கோப்புறையில் வைத்தேன். ஓட்டினேன். லிஸ்ட் வந்தது. பிரிண்ட் எடுத்தேன். மிஸ் மேலோட்டமாகப் பார்த்தார்கள்: 38 பேர், எல்லோர் பேரும் இருக்கிறது, தலைப்பு சரி. ஒட்டியாயிற்று. மறுநாள் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம்.

திங்கட்கிழமை காலை அந்த வகுப்புப் பெண் ஒருத்தி லேப் வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, கணக்குல நான் 78ண்ணா. லிஸ்ட்ல 41 போட்டிருக்கு. 41 காலாண்டுல வாங்கினது" என்றாள். கையில் பேப்பர் வைத்திருந்தாள். காலாண்டுக்குப் பிறகு ராத்திரி உட்கார்ந்து படித்து ஏற்றிய மார்க் அது. சனிக்கிழமை அவங்க அப்பா வந்து லிஸ்ட்டைப் பார்த்திருக்கிறார். பேப்பரை அவள் வீட்டில் காட்டியும், சுவரில் ஒட்டியதைத்தான் நம்பினாராம். "கணக்கு உனக்கு வராது, பிளஸ் ஒன்ல வேற குரூப் எடுத்துக்கோ" என்று முடிவே பண்ணிவிட்டாராம். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை.

மிஸ் என் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "சிஸ்டம் திருப்பிக் கொடுத்த நம்பரை எங்கப்பா வாங்கியிருக்க?"

எங்கேயும் வாங்கவில்லை. சிஸ்டம் ஒரு எண்ணைத் திருப்பித் தரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் மனதில் ஏறியது. அதை ஒரு மாறியில் வாங்கி அச்சிட்டுப் பார்த்தோம். திரையில் வந்த எண் 32512.

சி புரோகிராம் முடியும்போது ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகும். மெயின் ஃபங்ஷனின் கடைசியில் 'ரிட்டர்ன் 0' என்று எழுதுகிறோமே, அதுதான். 0 என்றால் வேலை நல்லபடியாக முடிந்தது. வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. இந்த எண்ணுக்கு லினக்ஸ் 8 பிட் இடம்தான் கொடுக்கிறது, அதாவது 0 முதல் 255 வரை. (நீங்கள் 256 என்று திருப்பிக் கொடுத்தால் அது 0 ஆகிவிடும். கோளாறு என்று சொல்லப் போய் நல்லது என்று சொன்ன கதை.) சிஸ்டம் அந்த எண்ணை நேராக நம் கையில் தருவதில்லை. அதை 256-ஆல் பெருக்கிய இடத்தில் வைத்துத் தருகிறது. கீழே உள்ள 8 பிட்டில், புரோகிராம் தானாக முடிந்ததா அல்லது நடுவில் யாராவது கொன்றார்களா என்ற தகவல் இருக்கும். எனவே 32512-ஐ 256-ஆல் வகுக்க வேண்டும். 127 வரும். 127 என்றால் ஷெல்லின் மொழியில் 'நீ சொன்ன பேரில் ஒரு புரோகிராமே எனக்குக் கிடைக்கவில்லை' என்று அர்த்தம். விண்டோஸில் இந்தப் பெருக்கல் வகுத்தல் இல்லை, எண் நேராகவே வரும்.

ரேங்க் அதே கோப்புறையில்தானே இருந்தது, ஏன் கிடைக்கவில்லை? இங்கேதான் என் இரண்டாவது அறியாமை. நாம் வெறும் பேரைச் சொன்னால் ஷெல் தன்னிடம் உள்ள 'பாத்' என்ற முகவரிப் பட்டியலில் உள்ள இடங்களில் மட்டும்தான் தேடும். தான் நிற்கிற கோப்புறை அந்தப் பட்டியலில் வழக்கமாக இருக்காது. தெருத்தெருவாகத் தேடும், தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காது! விண்டோஸின் சிஎம்டி முதலில் தன் திண்ணையைத்தான் பார்க்கும். லினக்ஸில் 'இங்கேயே இருக்கிறது' என்று சொல்ல, பேருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் (./) போட வேண்டும். அக்காவின் மடிக்கணினியில் பட்டியலில் உள்ள ஒரு கோப்புறைக்குள் ரேங்க்கை நான் எப்போதோ போட்டு வைத்திருந்தேன். அதனால் வீட்டில் ஓடியது, பள்ளிக்கூடத்தில் ஓடவில்லை.

ஷெல் சும்மா இருந்ததா என்றால், இல்லை. 'நாட் ஃபவுண்ட்' என்று திரையில் ஒரு வரி எழுதத்தான் செய்தது. ஆனால் என் புரோகிராமின் அடுத்த வரி என்ன? திரையைத் துடைப்பது. அதற்கும் சிஸ்டம் போட்டு 'கிளியர்' கட்டளையைத்தான் கூப்பிட்டிருந்தேன். கிளியரும் ஒரு கம்பைல் பண்ணிய சி புரோகிராம்தான். முதல் புரோகிராம் கிடைக்கவில்லை என்ற செய்தியை இரண்டாவது புரோகிராமை விட்டு அழித்திருக்கிறேன். அதற்கு அடுத்து லிஸ்ட் கோப்பைத் திறந்தேன். அது காலாண்டுத் தேர்வின்போது உண்டானது, அப்படியே கிடந்தது. என் புரோகிராம் அதன் தலையில் 'அரையாண்டுத் தேர்வு' என்று எழுதி வெளியே விட்டது. சாயத்துக்குப் போன நூல் வரவேயில்லை. நான் போன மாதத்து நூலை எடுத்துத் தறியில் மாட்டியிருக்கிறேன்.

திருத்தினோம். முதல் வேலையாக, ரேங்க்கைக் கூப்பிடுவதற்கு முன்பே பழைய லிஸ்ட் கோப்பை அழிக்கிற மாதிரி செய்தோம். அப்போது ரேங்க் ஓடாவிட்டால் காட்டுவதற்கு எதுவுமே இருக்காது. எனக்குக் கேட்டால் எண்ணைச் சோதிப்பதைவிட இதுதான் முக்கியம். பிறகு பேருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும். பிறகு திரும்பி வரும் எண் 0 இல்லை என்றால் 'லிஸ்ட் தயாராகவில்லை' என்று எழுதிவிட்டு நின்றுவிடுவது.

ஓட்டினோம். ரேங்க் ஓடியது, புதிய லிஸ்ட் கோப்பு உண்டானது, அந்தப் பெண்ணுக்கு 78 சரியாக இருந்தது. ஆனால் என் புரோகிராம் 'லிஸ்ட் தயாராகவில்லை' என்றது! எண்ணைப் பார்த்தால் 4352. 256-ஆல் வகுத்தால் 17. இது என்ன 17?

அரை மணி நேரம் போயிற்று. மிஸ்தான் கண்டுபிடித்தார்கள். அந்த அண்ணன் பழைய வழக்கப்படி 'வாய்ட் மெயின்' என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதினால் புரோகிராம் எந்த எண்ணையும் திருப்பித் தருவதில்லை. ஆனால் கேட்கிற இடத்தில் ஏதாவது ஒரு எண் இருக்கத்தானே செய்யும்? கடைசியாக ஓடிய ஃபங்ஷன் பிராசஸரின் ஒரு ரிஜிஸ்டரில் எதை விட்டுப் போனதோ அது வந்துவிடுகிறது. ரேங்க் கடைசியாகச் செய்வது 'ரேங்க் லிஸ்ட் ரெடி' என்று ஆங்கிலத்தில் அச்சிடுவது. பிரிண்ட்எஃப் ஃபங்ஷன் தான் அச்சிட்ட எழுத்துகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும். எண்ணிப் பாருங்கள்: ஆங்கிலத்தில் எழுத்து 13, இடைவெளி 2, முற்றுப்புள்ளி 1, வரி முடிவுக் குறி 1. மொத்தம் 17! மூல நிரலையே பார்க்காமல், திரும்பி வந்த எண்ணை வைத்தே அந்த அண்ணன் எப்படி எழுதியிருப்பார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷமும் இதுதான். (எல்லாக் கணினியிலும் இப்படித்தான் வரும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.) ஆகவே 'இன்ட் மெயின்' என்று எழுதி 0 திருப்பிக் கொடுங்கள். உங்கள் புரோகிராமை நாளைக்கு யார் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

ரேங்க்கைத் திருத்த முடியாது என்பதால் எண்ணை நம்புவதை விட்டுவிட்டோம். 127 வந்தால் மட்டும் நிற்பது; மற்றபடி புதிய லிஸ்ட் கோப்பு உண்டாகியிருக்கிறதா, மார்க் கோப்பில் எத்தனை பேரோ அத்தனை வரி அதில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது என்று மாற்றினேன்.

இன்னொரு ஓட்டையை என் நண்பன் கண்டுபிடித்தான். என் மெனு, பிரிவு என்ன என்று கேட்டு, அடிக்கிற எழுத்தை ரேங்க் என்ற பேரோடு ஒட்டி, சிஸ்டத்திடம் கொடுக்கும். அவன் 'பி' என்று அடித்து, ஒரு அரைப்புள்ளி (;) போட்டு, பக்கத்தில் 'டேட்' என்று அடித்தான். லிஸ்ட்டுக்கு முன்னால் அன்றைய தேதி வந்து நின்றது! ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் 'அடுத்த கட்டளை' என்று அர்த்தம். டேட் இருந்த இடத்தில் கோப்புகளை அழிக்கிற கட்டளையை அடித்திருந்தால் மார்க் எல்லாம் போயிருக்கும். கோப்பின் பேரில் இடைவெளி இருந்தாலும் இதே மாதிரிதான், ஷெல் அதை இரண்டாக வெட்டிவிடும். ஷெல்லை இடையில் விடுவதில் பெரியவர்களுக்கே ஆபத்து வந்திருக்கிறது. 2014 செப்டம்பரில் 'ஷெல்ஷாக்' என்று உலகம் முழுக்கப் பரபரப்பான ஓட்டை, பாஷ் என்ற ஷெல்லில் 1989 முதலே இருந்த பிழை. தாங்கள் ஷெல்லைக் கூப்பிடுகிறோம் என்றே பலர் நினைத்திராத இடங்களில் எல்லாம் அது இருந்தது.

தப்பிக்க வழி, ஷெல்லை விட்டுவிட்டு நாமே ஃபோர்க், எக்ஸெக் போடுவது. எக்ஸெக்கில் புரோகிராமின் பேரும் அதற்கு அனுப்புகிற ஒவ்வொரு தகவலும் தனித்தனியாகப் போகும். எதிரே உள்ள புரோகிராம் அவற்றை மெயினின் ஆர்க்வி வழியாக வாங்கிக்கொள்ளும். அரைப்புள்ளி வந்தால் அது வெறும் அரைப்புள்ளிதான், கட்டளை ஆகாது. கடைசியில் 'நல்' போட்டு முடிக்க வேண்டும், மறந்தால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. என் மெனு இப்போது இப்படித்தான் ஓடுகிறது. பன்னிரண்டு வரி கூடியது.

ஃபோர்க் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிரிண்ட்எஃப் எழுதியதைச் சில நேரம் உடனே வெளியே அனுப்பாமல் சேர்த்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் ஃபோர்க் போட்டால் சேர்த்து வைத்ததும் இரண்டாகிவிடும், பிறகு ஒரே வரி இரண்டு தடவை அச்சாகலாம். ஃபோர்க்குக்கு முன்னால் 'எஃப்ஃப்ளஷ்' ஒன்று போட்டால் தீர்ந்தது. புத்தகத்தின் 14-வது பாடப் புரோகிராமின் வெளியீட்டைத் திரைக்குப் பதில் ஒரு கோப்புக்குத் திருப்பிப் பாருங்கள். 'கம்பைலிங்' என்ற வரி மேலே வராமல் கீழே போய் நிற்கும். காரணமும் இதேதான், பைத்தான் சேர்த்து வைத்திருந்துவிட்டுக் கடைசியில் கொட்டுகிறது.

திருத்திய லிஸ்ட் திங்கட்கிழமை மதியம் ஒட்டப்பட்டது, இப்போது இருப்பது அதுதான். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு மிஸ் போன் செய்து 78 என்று சொன்னார்கள். குரூப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

மெனு புரோகிராமின் இரண்டு வடிவமும், தப்பானதும் திருத்தியதும், லேபில் மூன்றாவது கணினியில் வைத்திருக்கிறேன். மூல நிரலோடுதான் வைத்திருக்கிறேன், நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வந்தால் ஓட்டிக் காட்டுகிறேன். இன்னொரு ஓட்டை கண்டுபிடிப்பவர்கள் தாராளமாக வரலாம்.